முதலில் எந்தப் பாதியைக் கட்டுவது? - சிலி முதல் சென்னை வரை வளர்ந்த வீடுகளின் கதை

தமிழ்நாட்டில் எந்த ஊர்த் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் இந்தக் காட்சி தப்பாது. மொட்டை மாடியின் மூலைகளில் துருப்பிடித்த கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றில் துணிக்கொடி கட்டியிருக்கும். இன்னொன்றில் திருஷ்டி பொம்மை தொங்கும். 'பையனுக்குக் கல்யாணம்னு வரும்போது மேல ஒரு போர்ஷன் எடுத்துக்கலாம்' என்று எப்போதோ அந்த வீட்டில் பேசிய பேச்சுதான் கம்பியாக நிற்கிறது.

பையனுக்குக் கல்யாணமும் நிச்சயமாகும். மேஸ்திரி வருவார். அப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரியவரும். மாடிக்குப் படி வைக்க இடமில்லை. வாசலில் வைத்தால் ஹாலின் ஒரே ஜன்னல் அடைபடும். மேலே பாத்ரூம் வரும் இடத்துக்கு நேர் கீழே பூஜை அறை இருக்கும். செப்டிக் டேங்க்கோ நாலு பேருக்குக் கட்டியது. கீழ்வீட்டை இடித்து, உடைத்து, ஒட்டுப்போட்டு மாடி எழும்புவதற்குள் போட்ட பட்ஜெட் எங்கேயோ போயிருக்கும். 'அப்பவே யோசிச்சிருக்கலாம்' என்ற வார்த்தையைச் சொல்லாத குடும்பம் குறைவு.

அப்பவே யோசித்தால் எப்படி இருக்கும்? தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் ஒரு துறைமுக ஊரில் அதைச் செய்து பார்த்தார்கள். 93 குடும்பங்களுக்குப் பாதி வீடு மட்டும் கட்டிக் கொடுத்தார்கள். மீதியைக் குடும்பங்களே கட்டிக்கொண்டன.

நூறு குடும்பம், ஒன்றேகால் ஏக்கர்

அந்த ஊரின் பெயர் இகிகே. வடக்கு சிலியில், அட்டகாமா பாலைவனத்துக்கும் பசிபிக் கடலுக்கும் நடுவே இருக்கிறது. ஊரின் மையத்தில் கின்டா மொன்ராய் என்று ஓர் இடம். அரை ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கர். அதில் சுமார் நூறு குடும்பங்கள் முப்பது வருடங்களாகக் குடிசை போட்டு வாழ்ந்துவந்தன. பட்டா கிடையாது.

அரசின் வழக்கமான தீர்வு நமக்கும் பழக்கமானதுதான். ஊருக்கு வெளியே மலிவாக நிலம் பார்த்து அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்துவது. கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு அதன் விலை தெரியும். புது வீடு கிடைக்கும்; வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வருவதே ஒரு தனிப் பாடாகும்.

சிலி அரசு அந்தக் குடும்பங்களை இடம் மாற்றாமல் அங்கேயே வீடு கட்டித்தர முடிவெடுத்தது. கட்டடக்கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனா தலைமையில் 'எலெமென்டல்' என்ற குழு பொறுப்பேற்றது. ஒரு குடும்பத்துக்கு அரசு தரும் மானியம் 7,500 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் மூன்றரை லட்சம் ரூபாய். நிலம், சாக்கடை, தண்ணீர்க் குழாய், வீடு எல்லாம் இதற்குள் முடிய வேண்டும். ஊர் நடுவே இருந்ததால் நிலமோ வழக்கமாக இப்படிப்பட்ட திட்டங்களுக்கு வாங்கும் நிலத்தைப்போல மூன்று மடங்கு விலை.

தனித்தனி வீடு என்றால் பாதிப் பேருக்குக்கூட இடம் போதவில்லை. வரிசை வீடு கட்டலாம் என்றால், பின்னால் ஒரு அறை சேர்க்கும் ஒவ்வொரு முறையும் முன்னால் இருக்கும் அறைக்குக் காற்றும் வெளிச்சமும் போகும். நம் ஊரில் ரயில் பெட்டி மாதிரி நீளும் வீடுகளில் நடு அறையில் பகலிலும் ட்யூப் லைட் எரியுமே, அதேதான். சரி, அடுக்குமாடி? நூறு குடும்பமும் அடங்கிவிடும். ஆனால் அதில் ஒரு அறைகூடக் கூடுதலாகச் சேர்க்க முடியாது. 'அதைக் கட்டினால் உண்ணாவிரதம் இருப்போம்' என்றார்கள் மக்கள். பிள்ளைகள் வளரும், வீடு வளராது என்பதுதான் அவர்களுடைய கோபம்.

சின்ன வீடா, பாதி வீடா?

அரவேனாவின் குழு போட்ட கணக்கு எளிமையானது. ஒரு நடுத்தரக் குடும்பம் ஓரளவு வசதியாக வாழ 80 சதுர மீட்டர், அதாவது சுமார் 860 சதுர அடி வேண்டும். கையில் இருக்கும் காசுக்கு அதில் பாதிதான் கட்ட முடியும். 430 சதுர அடியை ஒரு சின்ன வீடாகக் கட்டினால் அது என்றைக்கும் சின்ன வீடாகவே இருக்கும். அதையே ஒரு நல்ல வீட்டின் பாதியாக நினைத்தால்?

அப்படி நினைத்தவுடன் அடுத்த கேள்வி வந்து நின்றது. எந்தப் பாதியை முதலில் கட்டுவது?

ஒரு குடும்பம் தன் கையால், தன் சேமிப்பில், தெரிந்த கொத்தனாரை வைத்துக் கட்டிக்கொள்ள முடியாத பாதியை நாம் கட்டுவோம் என்றார்கள். அஸ்திவாரம், தாங்கும் சுவர், படிக்கட்டு, சமையலறை, குளியலறை, குழாய்கள், பக்கத்து வீட்டோடு பகிரும் தடுப்புச் சுவர். இவற்றைப் பின்னால் மாற்றுவது பெருஞ்செலவு. தப்பாகக் கட்டினால் ஆபத்து. ஒரு படுக்கையறையையோ ஹாலையோ பின்னால் சேர்ப்பது அவ்வளவு கடினமில்லை.

2004 கடைசியில் கட்டி முடித்தபோது கின்டா மொன்ராய் பார்க்க விநோதமாக இருந்தது. மூன்று மாடி உயரத்துக்குச் சாம்பல் நிற கான்கிரீட் கட்டை ஒன்று, பக்கத்தில் அதே அகலத்துக்கு வெற்றிடம், மறுபடி ஒரு கட்டை, மறுபடி வெற்றிடம். பல் விழுந்த வாய் மாதிரி. கீழ்த்தளத்தில் ஒரு குடும்பம். அதற்கு மேலே இரண்டு மாடிகளைச் சேர்த்து இன்னொரு குடும்பம். கீழே இருப்பவர் பின்பக்கமும் பக்கத்திலும் வளர்க்கலாம். மேலே இருப்பவர் பக்கத்து வெற்றிடத்துக்குள் வளர்க்கலாம். அந்த இடைவெளி சுமார் மூன்று மீட்டர், நம் கணக்கில் பத்தடி. பலகையும் கட்டையும் போட்டு, பெரிய இன்ஜினீயரிங் இல்லாமலேயே மூடிவிடக்கூடிய அகலம். கொடுக்கும்போது ஒரு வீடு சுமார் 390 சதுர அடி. வளர்ந்து முடித்தால் 775.

முக்கியமான விஷயம் இதில் ஒளிந்திருக்கிறது. படிக்கட்டும் குளியலறையும் 390 சதுர அடி வீட்டுக்கான அளவில் இல்லை. வளர்ந்து முடியப்போகும் 775 சதுர அடி வீட்டுக்கான அளவில், அந்த வீட்டுக்குச் சரியான இடத்தில் இருந்தன. பள்ளிக்கூடம் சேரும் பிள்ளைக்கு இரண்டு வருடத்துக்கும் சேர்த்துச் சட்டை தைப்பதுபோல.

குடும்பங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். கையில் இருக்கும் மீதிப் பணத்துக்கு வாட்டர் ஹீட்டர் வாங்கலாம், அல்லது குளியல் தொட்டி வைக்கலாம்; எது வேண்டும் என்று கேட்டார்கள். ஹீட்டர்தான் அவசியம் என்று யாருக்கும் தோன்றும். மக்கள் தொட்டியைக் கேட்டார்கள். ஹீட்டர் வந்தால் மாதாமாதம் கேஸ் பில் யார் கட்டுவது? ஹீட்டரைப் பிறகு வாங்கி மாட்டிக்கொள்ளலாம், தொட்டியை அப்படிச் செய்ய முடியாது. கட்டடக்கலைஞர் போட்ட அதே கணக்கைக் குடும்பத் தலைவிகளும் போட்டிருந்தார்கள்.

குடியேறிய வேகத்திலேயே வேலை ஆரம்பமானது. ஒருவர் மரப்பலகையால் மூடினார், ஒருவர் கல் வைத்துக் கட்டினார், நீலம், மஞ்சள் என்று அவரவர் இஷ்டத்துக்கு வர்ணம் அடித்தார்கள். 7,500 டாலரில் பிறந்த வீடுகள் சில வருடங்களிலேயே 20,000 டாலருக்கு மேல் மதிப்புப் பெற்றன. 2016-ல் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசு அரவேனாவுக்குக் கிடைத்தது. அதே வருடம், இப்படிப்பட்ட நான்கு திட்டங்களின் வரைபடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாக வெளியிட்டது அவருடைய குழு.

எல்லாம் இனிப்பு இல்லை

குறைகளும் உண்டு. கொடுத்த பத்தடியோடு சிலர் நிற்கவில்லை. பின்கட்டையும் மூடி, பொதுமுற்றத்துப் பக்கமும் நீட்டினார்கள். அப்படிச் செய்த வீடுகளில் உள் அறைகளுக்கு ஜன்னலே இல்லாமல் போனது. முதல் பாதியை எவ்வளவு யோசித்துக் கட்டினாலும், இரண்டாவது பாதியைக் கட்டுகிறவருக்குப் பக்கத்தில் யோசனை சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, இகிகேயில் மழை என்பதே அபூர்வம். திறந்து கிடந்த இடைவெளியால் அங்கே பெரிய தொந்தரவு இல்லை. ஐப்பசி, கார்த்திகை என்று இரண்டு மாதம் கொட்டித் தீர்க்கும் நம் ஊரில் அதை அப்படியே செய்தால் சுவர் ஓதம் ஏறி வீணாகும்.

இதற்கும் அவர்களிடமே பதில் இருந்தது. 2010 பிப்ரவரியில் சிலியை உலுக்கிய பூகம்பத்திலும் சுனாமியிலும் கான்ஸ்டிடுசியோன் என்ற ஊர் சிதைந்தது. மழை பெய்யும் ஊர் அது. அங்கே 'வில்லா வெர்டே' என்ற பெயரில் 484 வீடுகளை இதே குழு வடிவமைத்தது. இந்த முறை கூரையை முழு வீட்டுக்கும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கூரைக்குக் கீழே ஒரு பாதி அறைகள், மறுபாதி வெற்றிடம். நனையாத இடத்தில் நிதானமாகச் சுவர் எழுப்பிக்கொள்ளலாம். சுமார் 610 சதுர அடியில் தொடங்கி 915 வரை வளரும் வீடுகள்.

இந்தூரில் ஒரு திண்ணை

வளரும் வீடு சிலிக்காரர்கள் கண்டுபிடித்தது என்று நினைத்தால் தப்பு. அதற்கு முன்பே, 1980-களில் மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் அரண்யா என்ற குடியிருப்பை வடிவமைத்தார் பாலகிருஷ்ண தோஷி. பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர். 2018-ல் அவருக்கு அது கிடைத்தது.

அரண்யாவில் சுமார் 6,500 மனைகள். மிகச் சிறியது 35 சதுர மீட்டர், ஒரு சென்ட்டுக்கும் குறைவு. அந்தச் சின்ன மனைகளில் பேஸ்மட்டம், கழிப்பறை, தண்ணீர்க் குழாய் இவ்வளவும் தயாராக இருக்கும். மீதியை வாங்கியவர் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்ள வேண்டும். எப்படியெல்லாம் வளர்க்கலாம் என்று காட்டுவதற்காக 80 மாதிரி வீடுகளை வடிவமைத்துக் கொடுத்தார் தோஷி.

அந்த மாதிரி வீடுகளில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று வாசல் திண்ணை. வடக்கே அதை 'ஓட்லா' என்பார்கள். வீட்டு அளவு சின்னது என்பதால் காய் நறுக்குவது, பிள்ளை படிப்பது, பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவது எல்லாம் வெளியே நடக்கும். இந்தூரின் குடிசைப் பகுதிகளில் மக்கள் எந்த இடத்தை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்து, அளந்து, வரைந்து வைத்திருந்தார்கள். இரண்டாவது, வெளிப்பக்கம் இருக்கும் படிக்கட்டு. மாடி எழும்பிய பிறகு மகன் குடும்பம் தனியாகப் போய் வரலாம், வாடகைக்கும் விடலாம். கீழ்வீட்டு ஹாலை யாரும் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. 'மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில், ஆனால் தனித்தனிக் கதவு' என்ற ஏற்பாட்டின் அருமை கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அரும்பாக்கத்துக்காரர்கள் சிரிப்பார்கள்

இந்தூரையும் முந்தியது சென்னை. 1977-ல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனை பிரித்து, ரோடு, தண்ணீர், சாக்கடை போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த கட்டத்தில் முகப்பேரும் சேர்ந்தது. சின்ன மனைகளும் பெரிய மனைகளும் ஒரே தெருக் கட்டமைப்புக்குள் வந்தன. பெரிய மனையை விற்ற காசு சின்ன மனையின் விலையைக் குறைத்தது.

ஆரம்பத்தில் இந்த இடங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. திட்டம் தோல்வி என்று முத்திரை குத்தி, உலக வங்கியே இந்த வழியைக் கைவிட்டது. இருபது வருடங்களுக்கு மேல் கழித்து அதே வங்கியின் ஆய்வாளர்கள் மும்பையிலும் சென்னையிலும் திரும்ப வந்து பார்த்தார்கள். தோல்வி என்று ஒதுக்கியது வெற்றியாக வளர்ந்து நின்றது. 2018-ல் அதை ஒரு ஆய்வுக் கட்டுரையாகவும் எழுதினார்கள். முகப்பேரிலோ வில்லிவாக்கத்திலோ குடியிருப்பவருக்கு இதைச் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார். 'ஒரு ரூம்ல ஆரம்பிச்சோம், சீட்டு எடுத்து ஒண்ணு, நகைய வச்சு ஒண்ணுன்னு கட்டினோம். வேற எப்படிக் கட்டுவாங்க?' என்பதுதான் அந்தத் தலைமுறையின் கேள்வியாக இருக்கும்.

உங்கள் வீட்டில்...

ஆக, பாதிப் பாதியாக வீடு கட்டுவது நம் மக்களுக்குப் புதிதில்லை. நாம் கோட்டை விடுவது, எந்தப் பாதி முதலில் என்பதில்தான். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் கண்ணில் படுவதெல்லாம் முதலில் வந்துவிடுகின்றன. எலிவேஷன், ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன். இவை மூன்றுமே ஐந்து வருடம் கழித்து, அடுத்த போனஸில்கூடச் செய்துகொள்ளக்கூடியவை. கண்ணில் படாத படிக்கட்டு இடமும், குழாய் போகும் வழியும், தூண் கணக்கும் தள்ளிப்போகின்றன.

புதிதாகக் கட்டுகிறவர்கள் கீழ்த்தளம் மட்டும்தான் இப்போது என்றாலும், முழு வீட்டுக்கும் வரைபடம் போட்டுவிட வேண்டும். இன்ஜினீயருக்கு அதற்குத் தனியாகச் சில ஆயிரங்கள் ஆகலாம். ஒரு படிக்கட்டை இடித்துக் கட்டும் செலவுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. மாடியில் பாத்ரூமும் சமையலறையும் கீழ்வீட்டு பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் நேர் மேலே வரட்டும். குழாய் நேராக இறங்கும். கசிந்தாலும் படுக்கையறைச் சுவரில் கசியாது.

ஏற்கெனவே இருக்கும் வீட்டை வளர்க்கிறவர்களுக்கு முதல் வேலை இடிப்பது அல்ல, தோண்டுவது. சுவரோரம் ஒரு குழி எடுத்து அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், கீழே என்ன மண் என்று பார்க்க வேண்டும். தூணே இல்லாமல் ஒன்பது அங்குலச் சுவர் மேல் நிற்கும் பழைய வீடாக இருந்தால் மேஸ்திரியின் தைரியத்தை மட்டும் நம்பி மாடி ஏற்றக் கூடாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் பார்த்துச் சொல்ல வேண்டும். செங்கல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்கே உள்ள ஏ.ஏ.சி. பிளாக் போன்றவை பல பழைய வீடுகளுக்குக் கைகொடுக்கின்றன. கீழ்த்தளத்துக்கு மட்டும் பிளான் அப்ரூவல் வாங்கியிருந்தால் மாடிக்குத் தனியாக அனுமதி வேண்டும் என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

பக்கவாட்டில் அறை சேர்க்கும்போது பழைய சுவரோடு புதுச் சுவரைக் கோத்துக் கட்டிவிடுவது வழக்கம். பழைய அஸ்திவாரம் இறங்கி முடித்திருக்கும், புதியது இனிமேல்தான் இறங்கும். இரண்டு வருடத்தில் சந்திப்பில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் வரும். எத்தனை முறை பட்டி பார்த்தாலும் திரும்ப வரும். இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி விட்டு, மேலே மழை புகாமல் மூடி, உள்பக்கம் நெகிழும் பொருளால் அடைத்தால் அந்தத் தலைவலி இல்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் பறிபோவது வெளிச்சம். வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு இருபது சதுர அடி. நாலடிக்கு ஐந்தடி ஜன்னல். புது அறை எந்தப் பழைய ஜன்னலை மறைக்கப்போகிறது என்று முதலில் பாருங்கள். மறைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு அறைக்கும் நடுவே நாலடிக்கு நாலடி வானம் தெரிய விட்டு, மேலே கிரில் போட்டுவிடலாம். பாட்டி வீட்டு முற்றத்தின் பேரன் அது. 'பதினாறு சதுர அடி வேஸ்ட்' என்று யாராவது சொல்வார்கள். பகலில் ட்யூப் லைட் எரியும் நடு அறையை அவருக்குக் காட்டுங்கள்.

கடைசியாக, அந்த மொட்டை மாடிக் கம்பிகள். மாடி எடுக்கும்போது புதுக் கம்பியைப் பழையதோடு சேர்த்துக் கட்ட, 16 மில்லிமீட்டர் கம்பி என்றால் கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர் நீளம் வெளியே நல்ல நிலையில் இருக்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் பதினைந்து வருடம் நின்ற கம்பி செதில் செதிலாக உதிரும். கடலோர ஊர் என்றால் இன்னும் சீக்கிரம். மாடி எப்போது என்று முடிவாகவில்லை என்றால், இன்றைக்கே துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, சிமென்ட் பால் பூசி, சுற்றிலும் பெட்டி அடித்து மெலிந்த கான்கிரீட்டால் மூடிவிடலாம். வேண்டும் என்கிற நாளில் அந்த உறையை உடைத்து எடுத்துக்கொள்வது அரை நாள் வேலை. துணிக்கொடிக்கு மட்டும் வேறு இடம் பார்க்க வேண்டும்.